தொட்டி மூடியும் நாலாவது ஆளும்

"விரலைக் காட்டுங்க."

"எந்த விரலம்மா?"

"பத்து இருக்கு. உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணைக் கொடுங்க."

போர்வைக்குள்ளிருந்து தையல்காரரின் இடது கை மட்டும், ஓட்டிலிருந்து ஆமை தலை நீட்டுவதுபோல மெதுவாக வெளியே வந்தது. கை நடுங்கியது. கையோடு போர்வையும், போர்வையோடு கட்டிலும் நடுங்கி, கட்டிலை ஒட்டியிருந்த தையல் மெஷினின் சக்கரம் தானாகவே கால் சுற்று சுற்றி நின்றது.

"பாருங்க, மிதிக்காமலே ஓடுது," என்றாள் அவர் மனைவி. "இன்னும் ரெண்டு நாள் இப்படியே நடுங்கினா, பாக்கி இருக்கிற சட்டையெல்லாம் தச்சு முடிச்சுடலாம்."

தெருவில் எல்லோரும் ஊசியம்மா என்று கூப்பிடும் சுகாதார நிலையத்து மலேரியாப் பணியாளர் சிரிக்கவில்லை. பஞ்சால் விரலைத் துடைத்து, 'சுருக்' என்று ஒரு குத்து குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைப் பொட்டாக வைத்தாள். அடுத்த துளியை இன்னொரு தகட்டின் விளிம்பால் நாக்குப்போல இழுத்தாள். இருபத்திரண்டு வருஷத்து வேலை. முகங்களை மறந்துவிடுவாள், குத்திய விரலை மறக்கமாட்டாள்.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அதே தெருவில் இது மூன்றாவது காய்ச்சல். முதலில் எதிர்ச்சாரியில் இருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர். ஒருநாள் விட்டு ஒருநாள், பிற்பகல் மூன்று மணி அடிக்கும்போது அவருக்குக் குளிர ஆரம்பிக்கும். "கடையில இருக்கிற ஒரு கடிகாரமும் இவ்வளவு சரியா ஓடாதும்மா," என்று பல் கிட்டிக்கொண்டே பெருமைப்பட்டார். அடுத்து, தெருமுனை அச்சாபீஸ்காரர். இப்போது தையல்காரர். மூன்று வருஷமாக ஒரு மலேரியா கூட இல்லாத தெரு அது.

போதாக்குறைக்கு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரரின் மருமகள். ஏழு மாதம்.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் இது வந்துடக் கூடாது," என்றாள் ஊசியம்மா, தகட்டைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தபடி. "சுமக்கிறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் ரெண்டு உயிருக்கும் ஆபத்து. மாமனாருக்கு ஒரு வலை, மருமகளுக்கு ஒரு வலை. இன்னிக்கே கட்டுங்க."

"வலையெல்லாம் எதுக்கு? அந்த வாட்ச்காரன் வீட்டுச் சாக்கடையை மூடச் சொல்லுங்க. எல்லாக் கொசுவும் அங்கிருந்துதான் வருது."

இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் தேங்குகிறது என்பதில் ஆரம்பித்த சண்டை, ஒன்றரை வருஷமாக அப்படியே தேங்கி நிற்கிறது.

"இது சாக்கடைக் கொசு இல்ல. இது நல்ல தண்ணியில முட்டை போடுற சாதி. அதுவும் கொசுவுக்குச் சொந்தமா காய்ச்சல் கிடையாது. காய்ச்சல் இருக்கிற ஒருத்தர் ரத்தத்தைக் குடிக்கும். அதுல இருக்கிற கிருமி பத்துப் பன்னிரண்டு நாள் கொசு வயித்துல வளர்ந்து, அதோட எச்சிலுக்கு வந்து சேரும். அப்புறம் யாரைக் கடிச்சாலும் எச்சிலைத் துப்பிட்டுத்தான் உறிஞ்சும்."

"எச்சிலைத் துப்பிட்டா! கருமம். எல்லாக் கொசுவுமா?"

"பொம்பளைக் கொசு மட்டும். முட்டைக்கு ரத்தம் வேணுமே."

"ஆம்பளைக் கொசு?"

"அது செடி செடியா தேன் குடிச்சுட்டுத் திரியும்."

தையல்காரரின் மனைவி போர்வைக் குவியலை ஒருதரம் பார்த்தாள். "அங்கேயும் அப்படித்தானா," என்றாள்.

மூன்று தகடும் சாயம் ஏறி, நுண்ணோக்கியில் மூன்றும் மலேரியா என்று ஆகிவிட்டது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கீங்க. 'நோய் வந்த வழி' மட்டும் காலியா இருக்கே?"

"கண்டுபிடிச்சுட்டு எழுதறேன் டாக்டர்."

"எத்தனை நாள்ல?"

"பத்து நாள்."

"ஏன் பத்து?"

"கெடு வச்சது நான் இல்ல, கொசு. இந்த மூணு பேரையும் கடிச்ச கொசுவெல்லாம் பத்து நாள்ல தயாராகிடும். அதுக்குள்ள அது பிறக்கிற தண்ணியையும், முதல்ல கிருமி கொடுத்த ஆளையும் பிடிக்கலைன்னா, மூணு முப்பது ஆகிடும்."

பிடிப்பதாகச் சொல்லிவிட்டாளே தவிர, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. வெள்ளை அகப்பையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மூன்று வீட்டிலும் குடம், அண்டா, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னால் சொட்டும் தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் மொண்டு பார்த்தாள். ஒரு புழு இல்லை. இன்னொரு விஷயமும் இடித்தது. மூன்று வீட்டிலும் ஆண்களுக்கு மட்டும்தான் காய்ச்சல். வீட்டுக்குள் கடித்திருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளையும் விட்டுவைத்திருக்குமா? அப்படியானால் மூன்று பேரும் வேறு எங்கேயோ கடிபட்டிருக்கிறார்கள்.

"சாயங்காலத்துல எங்கே போவீங்க?" என்று அச்சாபீஸ்காரரைக் கேட்டாள்.

"நான் எங்கேம்மா போறேன்? ஆபீஸ்லயே உட்கார்ந்து பிழை திருத்துவேன்."

"மாடியிலயா?"

"மாடியா? மாடிக் கதவுச் சாவி தொலைஞ்சு நாலு மாசம் ஆச்சே."

வாட்ச்காரரைக் கேட்டாள். நாள் முழுக்க ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பதால் கண் வலிக்கிறது, சாயங்காலம் தூரத்துப் பச்சையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் கண் டாக்டர் என்றார்.

"எந்தப் பச்சை?"

"பச்சைதாம்மா. பொதுவா."

தையல்காரர் நூல் வாங்கப் போவதாகச் சொன்னார்.

"தினமுமா?"

"தினமும் ஒரு நிறம் தீர்ந்துடுதே."

"இவர் கடைசியா நூல் வாங்கிட்டு வந்து ஆறு மாசம் ஆச்சு," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

வீட்டுக்கு வந்து பையைக் கழற்றி வைக்கும்போது அவள் கணவர் கான்வாஸ் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சி. முப்பத்தைந்து வருஷம் நடந்த மனிதருக்கு இன்னும் நடை மீது ஆசை தீரவில்லையே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

"என்ன, முகம் வாடியிருக்கு?"

"மூணு பேருக்கும் வாயில பூட்டு. என்னமோ மறைக்கிறாங்க. நீங்க ஊரெல்லாம் நடக்கிறீங்களே, அவங்களை எங்கேயாவது பார்த்தீங்களா?"

"நானா? நான் குனிஞ்ச தலை நிமிராம நடப்பேன்," என்று சொல்லிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் போனார்.

ஆறு நாள் ஓடிவிட்டது. ஏழாம் நாள் காலை, மாத்திரை கொடுக்க மறுபடி சுற்றி வந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று மூவரும் ஒரே மாதிரி கேட்டார்கள்.

"பெரிய மாத்திரை ரத்தத்துல இருக்கிறதை விரட்டும். சின்ன மாத்திரை, கல்லீரல்ல பதுங்கிப் படுத்திருக்கிறதைக் கொல்லும். அதுக்குப் பதினாலு நாள். நடுவுல விட்டா அது ஒருநாள் எழுந்து மறுபடி ரத்தத்துக்கு வரும். ம், விழுங்குங்க. என் கண் முன்னாடி."

அச்சாபீஸ்காரர் வலது கையை நீட்டி மாத்திரையை வாங்கினார். ஊசியம்மாவின் பார்வை பழக்கதோஷத்தில் விரலுக்குப் போனது. ஆள்காட்டி விரல், நகத்துக்குப் பக்கத்தில் மழமழவென்று காய்த்துப் போயிருந்தது. நக இடுக்கில் வெள்ளையாக என்னவோ மாவு. எழுத்து கோக்கும் காலத்தில் மை இருந்த நகம் அது, இப்போது கம்ப்யூட்டர். மாவு எங்கிருந்து வந்தது?

தையல்காரர் விரலைப் பார்த்தாள். ஊசி குத்திய இடது கை தழும்புகளோடு இருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் அதே காய்ப்பு. வாட்ச்காரருக்கு நடுவிரலில்.

"கையை இப்படி சுண்டுங்க பார்ப்போம்," என்றாள் வாட்ச்காரரிடம்.

"எதுக்கும்மா?"

"நரம்பு பார்க்கணும்."

அவர் கட்டைவிரலில் நடுவிரலைப் பூட்டி 'டக்' என்று ஒரு சுண்டு சுண்டினார். குறி தவறாத சுண்டு. மேஜையிலிருந்த திருகாணி ஒன்று பறந்து சுவரில் பட்டு, திரும்பி வந்து கிண்ணத்திலேயே விழுந்தது. அவரை அறியாமல், "பாக்கெட்!" என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று மாலை ஐந்தேமுக்கால். அச்சாபீஸில் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே என்ன நடந்தாலும் தெருவுக்குக் கேட்காது. சாவி தொலைந்ததாகச் சொன்ன மாடிப்படிக் கதவில் பூட்டே இல்லை. ஊசியம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி சத்தமில்லாமல் ஏறினாள்.

"ராணியை விடாதே! ராணியை விடாதே!" தையல்காரர் குரல்.

"உன் ஊசி நூல் வேலை இல்லடா இது, பேசாம இரு." இது வாட்ச்காரர். ஒன்றரை வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள், ஒரே பக்கத்துக் கட்சியாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகை, ஒரு டிரம்மின் மேல் அகலமான கறுப்பு வட்டம் ஒன்றில் கிடந்தது. வட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன் அவள் சோதித்து, சாக்கட்டியால் 'சரி' என்று எழுதிவிட்டுப் போன தண்ணீர்த்தொட்டியின் மூடி.

நேராகத் தொட்டிக்குப் போனாள். வாய் திறந்து கிடந்தது. அகப்பையால் மொண்டாள். தண்ணீரின் மேல் துரும்பு துரும்பாகப் புழுக்கள்.

"ஐயோ," என்றார் அச்சாபீஸ்காரர்.

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அகப்பையை அவர்கள் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"பாருங்க. வேற கொசுப் புழுவா இருந்தா தலைகீழா தொங்கும். இது பாய் விரிச்ச மாதிரி தண்ணி மேலயே படுத்திருக்கு. இதுதான் அந்த சாதி. விளையாட வேற பலகை கிடைக்கலையா?"

"பலகை இருக்கும்மா. ஆடாம நிக்க ஒரு மூடிதான்..."

"வீட்டுல சொல்லியிருந்தா மேஜை கொடுத்திருக்க மாட்டாங்களா?"

"எப்படிச் சொல்றது?" என்றார் தையல்காரர் பரிதாபமாக. "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையே."

அவள் திட்ட வாயெடுத்தவள், நிறுத்தினாள். பலகையைச் சுற்றி நாலு ஸ்டூல் இருந்தது. நாலாவது ஸ்டூலில் மஞ்சள் பூப்போட்ட திண்டு. அந்தப் பூ, போன மாதம் காற்றில் பறந்துபோய்விட்டதாக அவளிடம் சொல்லப்பட்ட அவளுடைய சமையலறைத் திரைச்சீலையின் பூ.

"இந்தத் திண்டை யார் தச்சது?"

தையல்காரர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"நாலாவது ஆள் எங்கே?"

மூவரும் தொட்டிப் பக்கம் பார்த்தார்கள். தொட்டிக்குப் பின்னால் கான்வாஸ் ஷூ ஒன்று தெரிந்தது. அதன் மேல் வெள்ளைப் பவுடர்.

"வெளியே வாங்க."

தபால்காரர் வந்தார். விருது வாங்கக் கூப்பிட்டதுபோல வெட்கத்தோடு வந்தார்.

"இதுதான் உங்க நடையா?"

"மாடிப்படி ஏறுறதும் நடைதானே."

"கையைக் காட்டுங்க." காட்டினார். ஆள்காட்டி விரலில் நாலு பேரிலும் பெரிய காய்ப்பு. தெருவில் இருக்கும் விரல் ஒவ்வொன்றையும் தெரிந்துவைத்திருந்தவளுக்கு, சாப்பாட்டு மேஜையில் தினமும் எதிரே இருந்த விரல் தெரியாமல் போயிருந்தது. அது கொஞ்சம் வலித்தது. அதைவிட வேறொன்று அதிகம் வலிக்கப் போகிறது என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டரை மாதத்துக்கு முன் தூரத்திலிருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா. வெளியில் பிடித்துக்கொண்டு வந்தது என்பதால் தெருக்கணக்கில் சேரவில்லை. மருந்து கொடுத்து, கையோடு குணமும் ஆகியிருந்தது.

"சின்ன மாத்திரை பதினாலு கொடுத்தேன். எத்தனை விழுங்கினீங்க?"

"கொடுத்ததை..."

"எத்தனை?"

"மூணு."

"பாக்கி பதினொண்ணு?"

"வயித்தைப் புரட்டுச்சு. காய்ச்சலும் போயிடுச்சு. நீ கையில வச்சுட்டு அவசரமா வேலைக்குக் கிளம்பிடுவே. அதுக்கப்புறம் தொட்டிச்செடி..."

"செடிக்கா போட்டீங்க?"

"அதுக்கு ஒரு காய்ச்சலும் வரலை," என்றார் அவர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

"மறுபடி காய்ச்சல் வந்துச்சா?"

"நீ மலேரியாப் பயிற்சிக்குப் போயிருந்தியே பத்து நாள், அப்போ லேசா. வந்த பிறகு சொல்லி உன்னைக் கஷ்டப்படுத்துவானேன்னு... ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இங்கே வந்து ஆடினேன்."

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஆடினாரும்மா," என்று அச்சாபீஸ்காரர் சாட்சி சொன்னார். "அன்னிக்கும் ஜெயிச்சார்."

"ஜெயிப்பார். கொசு அவரைக் கடிச்சுது. பன்னிரண்டு நாள் கழிச்சு உங்களைக் கடிச்சுது. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு நீங்க மூணு பேரும் படுத்தீங்க. கணக்கு நேராயிடுச்சா?"

"அப்போ கொசுதானே குற்றவாளி?" என்றார் தபால்காரர் நம்பிக்கையோடு.

"கொசு வெறும் தபால்காரிங்க. கடிதாசி எழுதினது நீங்க."

அந்த வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. "நான் ஒரு கடிதாசியையும் பன்னிரண்டு நாள் பையில வச்சிருந்தது கிடையாது," என்றார். "அதுவும் விலாசம் பார்க்காம கண்டவங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர், மூன்று நண்பர்களின் வெளிறிய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெல்ல, "தையல்காரர் வீட்டுப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

"தெரியாது. நாளைக்கு ரத்தம் எடுப்பேன். ரெண்டு வாரம் விட்டு மறுபடி எடுக்கணும்."

அவர் திண்டின் மேல் உட்காரப் போனவர், உட்காராமல் நின்றார்.

முதல் வேலையாகத் தொட்டியைக் காலி செய்தார்கள். நாலு பேரும் குனிந்து தேய்த்தார்கள். மூடி தொட்டிக்குப் போனது. பலகை தரைக்கு வந்தது. ஊசியம்மா அதன் மேலேயே படிவங்களை விரித்தாள். 'நோய் வந்த வழி' என்ற கட்டத்துக்குப் பேனா வந்தபோது தபால்காரர் பக்கத்தில் குந்தினார்.

"வெளியூர் ஆள்னு போட்டுடேன். நான் வெளியூர் போய்த்தானே வாங்கிட்டு வந்தேன்."

"என் கணவர்னு போடுறேன்."

"இந்தத் தெருவுல எல்லா வாசல்லயும் எனக்கு நல்ல பேர்."

"அதே வாசலுக்குத்தானே அனுப்பியிருக்கீங்க." எழுதினாள். அச்சாபீஸ்காரர் எட்டிப் பார்த்து, "கணவர்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு," என்றார். போட்டாள்.

பிறகு பையிலிருந்து பழைய படிவம் ஒன்றை எடுத்தாள். கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது நிரப்பியது. கடைசிக் கட்டம்: 'பதினான்கு நாளும் மருந்தை விழுங்கியதை நேரில் பார்த்த பணியாளர்.' அதில் அவள் கையெழுத்து, பதினாலு நாளுக்கும் சேர்த்து, ஒரே மையில்.

பேனா அங்கேயே நின்றுவிட்டதைத் தபால்காரர் பார்த்தார். படித்தார். முகம் மாறியது.

"இதை என்ன பண்ணப் போறே?"

"அடிச்சுட்டு, பார்க்கலைன்னு எழுதணும்."

"வேண்டாம். உன் வேலைக்கு வந்துடும். நான் நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சு உன்னை ஏமாத்தினேன்னு எழுது. என் பேர் போனாப் போகட்டும். போய்த்தான் ஆச்சே."

"ஒளிச்சு வச்சீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல நல்ல சமயம்தான். மற்ற மூன்று பேரும் ஆமாம் என்று தலையாட்டக்கூடத் தயாராக இருந்தார்கள்.

"இல்லை," என்றார். "நீ பார்க்கவே இல்லையே. பார்த்திருந்தா விழுங்கியிருப்பேன்."

"அதைத்தான் எழுதப் போறேன்," என்றாள் அவள். ஊராரையெல்லாம் கண் முன்னால் விழுங்கவைத்தவள், 'நம்ம வீட்டு ஆள்தானே' என்று ஒருவரை விட்டுவிட்டாள். அந்த ஒருவரிடமிருந்துதான் மூன்று பேருக்குப் போனது. கையெழுத்தை ஒரு கோடு இழுத்து அடித்தாள். பக்கத்தில் மூன்று வரி எழுதினாள். அச்சாபீஸ்காரர் அதில் பிழை ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா இரண்டு படிவத்தையும் இரண்டு தடவை படித்தார். கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார். இனிமேல் எந்தப் பணியாளரும் சொந்த வீட்டாருக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டார். அதன்படி தபால்காரருக்கு, அடுத்த வட்டத்துப் பணியாளர் ஒருத்தி காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்றாள். அவள் பேசவே மாட்டாள். மாத்திரையை நீட்டுவாள், தண்ணீரை நீட்டுவாள், தொண்டை ஏறி இறங்கும்வரை பார்ப்பாள், போய்விடுவாள். "பத்தாயிரம் வீட்டுக்குத் தபால் கொடுத்திருக்கேன், இப்படி ஒரு பட்டுவாடாவைப் பார்த்ததில்லை," என்று அவர் புலம்பினார். பதினாலும் உள்ளே போனது.

தையல்காரர் வீட்டிலும் வாட்ச்காரர் வீட்டிலும் வேறொரு சங்கடம். இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளாமல் இருந்த ஒன்றரை வருஷத்தில் நாலு மாதமாகத் தங்கள் வீட்டு ஆண்கள் ஒரே கட்சியாக ஆடினார்கள் என்று தெரிந்ததும், அவர்களைத் திட்டுவதற்காகவே பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்தாள்.

தையல்காரர் மருமகளின் முதல் தகட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது தகடு எடுத்த அன்று சுகாதார நிலையத்து வராந்தாவில் கூட்டம். தபால்காரருக்கும் அன்றுதான் மறுசோதனை. வந்து விரல் கொடுத்துவிட்டு, போகாமல் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

உள்ளே ஊசியம்மா நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். தகட்டை ஒரு நூல் நகர்த்துவாள், பார்ப்பாள், மறுபடி ஒரு நூல். சிவப்பு வட்டங்கள் வரிசை வரிசையாக, வெறுமையாக நகர்ந்தன. நூறு பார்வை பார்த்தால் போதும் என்பது விதி. அவள் இருநூறு பார்த்தாள். பிறகு கண்ணைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னாச்சு?" என்றார் ஜன்னல் கம்பிக்கு வெளியிலிருந்து தபால்காரர்.

"யாரோடது கேட்கிறீங்க?"

"அந்தப் பொண்ணோடதுதான்."

"சுத்தம். ஒரு கிருமி இல்லை."

அவர் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகுதான் நினைவு வந்தவர்போல, "என்னோடது?" என்று கேட்டார்.

"உங்களோடது இன்னும் பார்க்கலை. உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் இருக்காங்க. வரிசையில போய் உட்காருங்க."

அவர் போய் வரிசையில் உட்கார்ந்தார்.